எண்ணூறு வாத்துகளின் விலாசம்

"டீச்சர், இந்தப் பிள்ளைங்க என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்க மாட்டேங்குதுங்க" என்றார் வேதமுத்து.

தையல்நாயகி டீச்சர் ஒரு பையனுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"நீங்க கேக்குறீங்களா சார்?"

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"பதில் சொல்லுதுங்களா?"

"கோரஸா சொல்லுதுங்க."

"அப்புறம் என்ன குறை?"

"அதான் டீச்சர் குறை."

டீச்சர் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே பையனும் சிரித்தான்.

வேதமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விலங்கியல் பேராசிரியர். முப்பத்து நாலு வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏதாவது டவுட் இருக்கா?" என்று கேட்பார். யாருக்கும் இருக்காது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நம்பி நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

பிரிவு உபசார விழாவில் மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் யோசித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு மாணவன் எழுந்து நின்று அவரிடம் கேள்வி கேட்டிருந்தான்.

"சார், பெல் அடிச்சிட்டாங்களா?"

அவ்வளவுதான்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே வீட்டுக்கு நடந்தார்.

நடுக்கரைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது அதற்குப் பிறகு. வயலோரத்தில் ஒரே ஓட்டுக் கட்டடம். எல்லாம் ஏழு வயதுக்கு உட்பட்ட பொடிசுகள். அந்தப் பக்கம் வருகிறவர் போகிறவரையெல்லாம் கேள்வி கேட்டே துளைத்துவிடுமாம். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்க மாட்டாராம். கடிதத்தை வாசலில் வீசிவிட்டு மிதிமிதியென்று மிதித்து ஓடிவிடுவாராம்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தும் தையல்நாயகி டீச்சருக்கு நாற்பது வயது. வேதமுத்துவுக்கு அறுபத்திரண்டு. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதென்ன என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"எனக்கு ஒரே ஆசைதான் டீச்சர்" என்றார் வந்த அன்றைக்கு. "ஒரு பிள்ளையாவது என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேக்கணும். நிஜமான கேள்வி. அது போதும்."

"ஒரு மாசம் இருங்க" என்றார் டீச்சர். "மிருகமெல்லாம் எங்கெங்க இருக்குன்னு சொல்லிக் குடுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுதானே?"

தெரிந்ததுதான். அதுதான் வினையாகப் போயிற்று.

இன்றைக்குத் திங்கட்கிழமை. அந்த ஒரு மாதம் வருகிற வெள்ளியோடு முடிகிறது.

*

வேதமுத்து டவுனிலிருந்து ஒரு சார்ட் வாங்கி வந்திருந்தார். இடது பக்கம் மிருகங்கள், வலது பக்கம் அவற்றின் வீடுகள். கையில் ஒரு குச்சி.

"சிங்கம் எங்கே வசிக்கும்?"

"குகையில்!"

"எலி எங்கே வசிக்கும்?"

"வளையில்!"

"வாத்து எங்கே வசிக்கும்?"

"குளத்தில்!"

ஓடு அதிரும். அதிர்ந்து அடங்கியதும் சார் கேட்பார்.

"ஏதாவது டவுட் இருக்கா?"

ஒருத்தருக்கும் இருக்காது. முதல் வரிசைப் பையன் சர்வேஷ் கொட்டாவி விடுவான். அது வரிசையாகப் பரவிக் கடைசியில் சாருக்கே வந்துவிடும்.

இதில் சகிக்க முடியாதது என்னவென்றால், அதே பிள்ளைகள் மணி அடித்ததும் டீச்சரைப் போய் மொய்த்துக்கொள்ளும். "டீச்சர், நத்தைக்கு வீட்டுக்குள்ள அரிச்சா எப்படிச் சொறியும்?" "டீச்சர், எறும்பு லீவு போடுமா?" சார் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பொறாமையாக இருக்கும். அறுபத்திரண்டு வயதில் இது என்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொள்வார். ஆனாலும் பொறாமையாகத்தான் இருக்கும்.

"ஒரே ஒருத்திதான் டீச்சர் மறுத்துப் பேசினா" என்றார் இப்போது. "அந்த ஊர் ஊரா வாத்து மேய்க்கிறவங்க பொண்ணு, பவுனு. வாத்து குளத்தில்னு எல்லாரும் சொன்னப்போ, 'இல்ல'ன்னு எழுந்து நின்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சார்ட்டைக் காட்டினேன்."

"அவ?"

"மறுநாளும் 'இல்ல'ன்னா. மறுபடி காட்டினேன். ஒரு வாரம் இப்படியே போச்சு. அப்புறம் வாயையே மூடிக்கிட்டா. இப்ப ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்குறா. என் பேச்சுக்குப் பேசின ஒரே பிள்ளை டீச்சர் அவ. அதையும் கெடுத்துட்டேன்."

டீச்சர் பையனை விளையாட அனுப்பிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"சார், வாத்து எங்க வசிக்கும்?"

"குளத்தில்" என்றார் வேதமுத்து. வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

"பாத்தீங்களா?"

"புஸ்தகத்துல…"

"இங்கயிருந்து குளம் கூப்பிடு தூரம். பாத்துட்டு வாங்க."

*

குளத்தில் மூன்று எருமைகள் இருந்தன. ஒரு ஆள் மொபெட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இங்க வாத்து உண்டா?"

"கறிக்கா, முட்டைக்கா?"

"பாக்குறதுக்கு."

அவன் மொபெட்டை விட்டுவிட்டு சாரை மேலும் கீழும் பார்த்தான்.

"பாக்குறதுக்கா?" என்றான். மறுபடி மொபெட்டைக் கழுவப் போய்விட்டான்.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேதமுத்து வாத்துகளைக் கண்டுபிடித்துவிட்டார்.

தை அறுப்பு முடிந்து வயலெல்லாம் நெல்தாள் நின்றது. ராஜாங்கம் என்பவருடைய வயலில் வட்டமாகக் குச்சி நட்டு, முழங்கால் உயரத்துக்கு வலை கட்டியிருந்தார்கள். அதற்குள் எண்ணூறு வாத்துகள். எண்ணூறும் ஒரே நேரத்தில் பேசின. பவுனுவின் அம்மா காத்தாயி வெளியே நின்று கடைசி வாத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். கையில் நீள மூங்கில், அதன் நுனியில் ஒரு பாலித்தீன் பை.

பவுனு சாரைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"வாங்க சார்" என்றாள் காத்தாயி. "இவ ஏதாச்சும் வம்பு பண்ணிட்டாளா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. வாத்து எங்க வசிக்குதுன்னு பாக்க வந்தேன்."

"இங்கதான் சார் கெடக்கு, இன்னிக்கு."

"குளத்துல இல்லையா?"

"குளத்துல என்ன சார் இருக்கு? எருமைதான் இருக்கு. நெல்லு இங்கல்ல சிந்திக் கெடக்கு."

வேதமுத்துவுக்கு ஒரே குஷி. முப்பத்து நாலு வருஷத்தில் புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவரே நேரில் கண்டது அன்றைக்குத்தான். காத்தாயி முதலில் சொன்ன 'இன்னிக்கு' என்பதை மட்டும் அந்தக் குஷியில் விட்டுவிட்டார்.

திரும்பி வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்.

"டீச்சர்! சார்ட் தப்பு. பவுனு சொன்னதுதான் சரி. வாத்து வலைப்பட்டியில வசிக்குது. ராஜாங்கம் வயல்ல."

"அப்படியா!" என்றார் டீச்சர். "பரவாயில்லையே. நாளைக்குக் காலையில பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்களேன்."

*

நடுக்கரைப் பள்ளிக்கூடத்தில் வெளியே போவதென்றால் கயிறு எடுப்பார்கள். நீளக் கயிறு, ஒரு பிள்ளைக்கு ஒரு முடிச்சு. அவரவர் முடிச்சை அவரவர் பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் புதிதாக ஒரு முடிச்சு. பவுனுவினுடையது இருபதாவது முடிச்சு. மூன்று வாரம் இருக்கப்போகிறவளுக்கு முடிச்சு எதற்கு என்று சமையல்காரம்மா கேட்டதற்கு, டீச்சர் கயிற்றை அவிழ்த்து முடிச்சை இன்னும் இறுக்கிப் போட்டாராம்.

சார் கயிற்றின் முன்னால் நடந்தார். ஏறக்குறைய ஒரு கல்யாண ஊர்வலம்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இப்ப நாம பாக்கப்போறதுதான் வாத்தோட வீடு."

வரப்பு திரும்பியது.

வயல் காலியாக இருந்தது.

வலை இல்லை. குச்சி இல்லை. காத்தாயி இல்லை. எண்ணூறு வாத்தில் ஒன்றுகூட இல்லை. வட்டமாக மிதிபட்ட சேறும், ஒட்டிக்கிடந்த இறகுகளும், நட்டநடுவில் ஒரே ஒரு முட்டையும் மட்டும் இருந்தன.

வேதமுத்து திருதிருவென்று முழித்தார்.

"டேய்!" என்று கத்தினான் சர்வேஷ். "எல்லா வாத்தும் அந்த முட்டைக்குள்ள போயிடுச்சுடா!"

அவ்வளவுதான், கயிறு அறுந்தது போல ஆயிற்று. பத்தொன்பது முடிச்சையும் விட்டுவிட்டு பத்தொன்பது பிள்ளைகளும் வயலுக்குள் பாய்ந்தன. இறகு பொறுக்கின. சேற்றில் வழுக்கி விழுந்தன. வாத்து மாதிரி நடந்தன. வாத்து மாதிரியே பேசின. முட்டையைச் சுற்றி உட்கார்ந்து, கதவைத் திற கதவைத் திற என்று கூப்பிட்டுப் பார்த்தன.

பவுனு மட்டும் ஓடவில்லை. மெதுவாகப் போய் முட்டையை இரண்டு கையாலும் எடுத்தாள். பாவாடையில் துடைத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தன் முடிச்சுக்குத் திரும்பி வந்தாள்.

திரும்புகிற வழியெல்லாம் பிள்ளைகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வந்தன. பள்ளிக்கூடம் வந்ததும் டீச்சரை மொய்த்துக்கொண்டன.

"டீச்சர், முட்டைக்குள்ள இருட்டா இருக்குமா?"

"டீச்சர், வாத்து முட்டையை மறந்துட்டுப் போச்சே, அப்புறம் தேடுமா?"

சாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சேறு அப்பிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றார்.

*

மத்தியானம் பிள்ளைகள் தூங்கின. டீச்சர் புளி உரித்துக்கொண்டிருந்தார்.

"மோசம் போயிட்டேன் டீச்சர்" என்றார் வேதமுத்து. "விடியறதுக்கு முன்னாடியே வேற வயலுக்கு மாத்திட்டாங்களாம். பவுனுவுக்கு அது தெரியும். தெரிஞ்சும் எங்ககூடவே நடந்து வந்திருக்கா. ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க!"

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேனா? மூணு வாரமா டீச்சர், தினம் மூணு தடவை கேட்டிருக்கேன். வாத்து எங்கே வசிக்கும், வாத்து எங்கே வசிக்கும்னு!"

டீச்சர் ஒரு புளியங்கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். விரித்த கையை அவர் முன்னால் நீட்டினார்.

"சார், என் கையில என்ன இருக்கு?"

"புளியங்கொட்டை."

"சரி. என் கையில என்ன இருக்கு?"

"புளியங்கொட்டை டீச்சர்."

"நல்லது. என் கையில என்ன இருக்கு?"

"புளியங்கொட்டைதான்!"

"இன்னொரு தடவை சொல்லுங்க. என் கையில என்ன இருக்கு?"

வேதமுத்துவுக்குக் காது சிவந்தது. "என்ன டீச்சர் விளையாட்டு இது? உங்களுக்கே தெரியுதில்ல?"

டீச்சர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. கையை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினார்.

"என் கையில என்ன இருக்கு?"

வேதமுத்து இந்தத் தடவை வாயை இறுக்க மூடிக்கொண்டார். முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஜன்னலடியில் ஏற்கனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தூங்காமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயலைப் பார்த்தபடி.

வேதமுத்து பவுனுவைப் பார்த்தார். அவளுடைய மூடிய வாயைப் பார்த்தார். பிறகு தன் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

டீச்சர் புளியங்கொட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த புளியை எடுத்தார்.

*

வியாழக்கிழமை சார் வகுப்பெடுக்கவில்லை. குச்சியைத் தேடினார்கள், காணோம். அவரே சமையல்கட்டில் கொண்டுபோய் அடுப்பில் வைத்துவிட்டார் என்று சமையல்காரம்மா சொன்னாள்.

அன்றைக்கு முழுக்க அவர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை பவுனு பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். மூன்று தடவையும் மூடிக்கொண்டார். கேட்க வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தைகளை அவளிடம் தேய்த்துத் தேய்த்துக் கெடுத்து வைத்திருந்தவர் அவரேதான். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் காத்தாயி பிள்ளையை அழைத்துப்போக வந்தாள்.

"டீச்சர், நாளைக்குக் காலையில லாரி வருது. இந்தப் பக்கம் நெல்லு தீந்துபோச்சு. கிளம்புறோம்."

"பவுனுவை ஒன்பது மணி வரைக்குமாச்சும் விட்டுட்டுப் போங்க" என்றார் டீச்சர். "பொரி குடுக்குற நாள்."

வேதமுத்து தன் அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை.

லாரி, பள்ளிக்கூடத்துக்கு எதிரே வந்து நின்றது. தார்ச்சாலை அங்கேயே முடிகிறது, அதற்குமேல் வண்டி போகாது. வாத்துகளை இறக்கி ஏற்ற வசதியாகத் தட்டுத் தட்டாகப் பலகை அடித்த லாரி.

காத்தாயியும் அவள் புருஷனும் வாத்துகளை வரப்போடு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வயலே எழுந்து நடந்து வருவது போலிருந்தது.

பள்ளிக்கூடத்தில் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்க்கிற அவசரத்தில் சர்வேஷ் வாசலில் தடுக்கி விழுந்தான். அவனுடைய பொரி படி முழுக்கச் சிந்தியது.

முதல் வாத்து நின்றது. கழுத்தை நீட்டிப் பார்த்தது.

பிறகு எண்ணூறும் திரும்பின.

"ஏய், ஏய், ஏய்!" என்று காத்தாயி மூங்கிலை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். எங்கே நிற்கும்? படியில் ஏறி, கதவில் நெருக்கியடித்து, ஒன்றின் முதுகில் ஒன்று மிதித்துக்கொண்டு வாத்துகள் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டன.

பிள்ளைகள் போட்ட கூச்சல் லாரிக்காரர் காதில் போய் அவர் ஹாரனை அடித்தார். ஹாரன் சத்தத்துக்கு வாத்துகள் பதில் கத்தின. பலகைக்கு அடியில் வாத்து. புத்தக அலமாரியில் வாத்து. சமையல்காரம்மாவின் கூடையில் மூன்று வாத்து. சார்ட் தரையில் விழுந்து, அதில் சிங்கத்தின் குகைமேல் ஒரு வாத்து நின்று பொரி தின்றது. புறப்பட ஆயத்தமாக வாசலோரம் வைத்திருந்த சாரின் பெட்டிமேல் ஒரு தடித்த வாத்து ஏறி உட்கார்ந்து, யாரையும் சட்டை செய்யாமல் இறகைக் கோதிக்கொண்டது.

விலங்கியல் பேராசிரியர் பெஞ்சின்மேல் ஏறி நின்றார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சர்வேஷ் இரண்டு வாத்துகளுக்கு நடுவில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான். டீச்சர் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பவுனு எழுந்தாள்.

ஜன்னலை விட்டு நகர்ந்து அறையின் நடுவில் வந்து நின்றாள். நாக்கை மடித்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கொடுத்தாள். எழுத்தில் எழுத முடியாத சத்தம். இரண்டு வாரமாகத் திறக்காத வாயிலிருந்து அது கணீரென்று வந்தது.

எண்ணூறு கழுத்தும் ஒரே பக்கமாகத் திரும்பின.

பவுனு வாசலைப் பார்த்து நடந்தாள். வாத்துகள் அவளுக்குப் பின்னால் நடந்தன. பலகைக்கு அடியிலிருந்தும் அலமாரியிலிருந்தும் கூடையிலிருந்தும் இறங்கி, வரிசையாக, நல்ல பிள்ளைகளாக. பெட்டிமேல் இருந்த தடித்த வாத்து கடைசியாக இறங்கியது. அதற்கும் பின்னால், அது கூப்பிட்டது போல, பத்தொன்பது பிள்ளைகள்.

எல்லாருக்கும் பின்னால் வேதமுத்து.

பெஞ்சிலிருந்து எப்போது இறங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. செருப்புப் போடவில்லை. முற்றத்தில் பவுனு நின்றிருந்தாள். அவளைச் சுற்றி இடுப்புயரத்துக்கு வாத்துகள். அவர் அவற்றை விலக்கிக்கொண்டு போய், அவளுக்கு எதிரே, சேறென்றும் பாராமல் உட்கார்ந்தார். இப்போது இரண்டு பேருக்கும் முகம் நேருக்கு நேராக இருந்தது.

வாத்துகள் குளத்தில் இல்லை. வலையில் இல்லை. ராஜாங்கம் வயலில் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இருந்தன, இப்போது முற்றத்தில் இருக்கின்றன, இன்னும் கொஞ்ச நேரத்தில் லாரியில் இருக்கும். வேதமுத்துவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"பவுனு" என்றார். "எனக்குத் தெரியலைம்மா. நீதான் சொல்லணும். வாத்து எங்க வசிக்கும்?"

பிள்ளைகள் கோரஸ் பாடவில்லை. சர்வேஷ்கூட வாயை மூடிக்கொண்டு நின்றான்.

பவுனு அவர் கையைப் பார்த்தாள். குச்சி இல்லை. முகத்தைப் பார்த்தாள்.

பிறகு ஒரு அடி கிட்டே வந்தாள்.

"எப்ப சார்?" என்று கேட்டாள். "நடவு அப்பவா, அறுப்பு அப்பவா?"

வேதமுத்து கையைச் சேற்றில் ஊன்றினார். எழுந்தார், வழுக்கினார், மறுபடி எழுந்தார். எண்ணூறு வாத்துகளும் சிதறி ஓட, சேறு சொட்டச் சொட்டப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்து ஓடினார்.

"டீச்சர்!" என்று கத்தினார். "டீச்சர்! கேட்டுட்டா டீச்சர்!"